தோட்ட லயன்களில் துணி அணையாடைத் திட்டம்: முதல் விசாரிப்பிலிருந்து மூன்றாம் மாதம் வரை

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயன்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பத்து முதல் முப்பது பெண்கள் வரை சேர்ந்து, மாதவிடாய் நாட்களில் அணிந்து, தாங்களே துவைத்துத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய துணி அணையாடைகளைத் தைத்துப் பகிர்ந்துகொள்ள விரும்பினால், எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பின்னால் செய்ய வேண்டும் என்பதை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். மாதர் சங்கங்கள், பாடசாலை ஆசிரியைகள், தையல் தெரிந்த இளம் பெண்கள் ஆகியோரை மனதில் வைத்தே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இதைச் செய்பவர்களுக்கு மாறுபடக்கூடிய இடங்களை ஆங்காங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் தையல் இயந்திரத்திலிருந்து தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். நாற்பது பெண்களுக்குத் தைத்துக் கொடுத்தோம், தையலில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஆனால் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட ஜூலை மாதத்தில் போய்ப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்ட அணையாடைகள் கதவுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் ஈரமாகவே கிடந்தன. "காயல அக்கா, அப்பிடியே எடுத்துப் போட்டுக்கிட்டேன்" என்று ஒரு பெண் சொன்ன பிறகுதான், இந்த வேலை தண்ணீரிலும் கொடியிலும் தொடங்க வேண்டியது என்பது எங்களுக்கு விளங்கியது. கீழேயுள்ள வரிசை அந்தத் தவறிலிருந்து பிறந்தது, ஆகவே படிகளை இடம் மாற்றிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1. துணி வாங்குவதற்கு முன் விசாரிக்க வேண்டியவை

ஐந்து அல்லது ஆறு பெண்கள் கொண்ட சிறு குழுக்களாக, ஆண்கள் இல்லாத இடத்தில், வேலை முடிந்த பிறகு பேச வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் எல்லோரையும் நிறுத்திக் கேட்டால், "எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்ற பதிலைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. மாதவிடாயைப் பெயர் சொல்லிப் பேசத் தயங்குபவர்களிடம் "வீட்டுக்குத் தூரமான நாட்களில்" என்று அவர்கள் சொல்லும் சொல்லையே எடுத்துப் பேசுங்கள்.

பிரச்சினை இருக்கிறதா என்று கேட்பதைவிட, நாள் எப்படிப் போகிறது என்று கேட்பது பயன் தரும். இப்போது என்ன பயன்படுத்துகிறார்கள், கடைசியாக எப்போது கடைப் பொதி வாங்கினார்கள், எங்கே மாற்றுகிறார்கள், பொது நீர்க்குழாயான பீலியில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, துவைப்பது எந்த இடத்தில், காயப்போடுவது எங்கே ஆகிய ஆறு கேள்விகள் போதும். பதில்களை ஒரு கொப்பியில் எழுதிவைக்கலாம், பெயர்களை எழுதக் கூடாது.

ஏழாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது, அதைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். பொருத்தமான உள்ளாடை எத்தனை இருக்கிறது என்று கேட்க வேண்டும். பக்கவாட்டில் மடிக்கும் இறக்கை வைத்த அணையாடை இறுக்கமான உள்ளாடை இல்லாமல் நிற்காது. நாங்கள் பேசிய வயதான பெண்கள் பலர் பழந்துணியை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொள்ளும் வழக்கத்திலேயே இருந்தார்கள். அவர்களிடம் அணையாடையை மட்டும் கொடுத்தால் அது பெட்டிக்குள் போய்விடும்.

கொழுந்து எடுக்கும் பெண் காலையில் மலைக்கு ஏறினால், மதியம் கொழுந்தை நிறுக்க இறங்கும்வரை மாற்றுவதற்கு இடம் கிடைப்பது அரிது. தேயிலை நிரைக்குள் கழிப்பறை இல்லை. எனவே எத்தனை மணி நேரம் மாற்றாமல் இருக்க நேர்கிறது என்பதையும், பயன்படுத்தியதை எதில் வைத்துக் கொண்டுவருவது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அணையாடையின் அளவும் பெண்களுக்குக் கொடுக்கும் பொதியில் சேரும் பொருட்களும் இந்தப் பதில்களைப் பார்த்தே தீர்மானிக்கப்படும்.

2. கணக்கைப் பெண்களுடன் சேர்ந்து போடுதல்

துணி அணையாடை மலிவு என்று நாம் சொல்வதால் ஒருவரும் நம்பப் போவதில்லை, நம்பவும் வேண்டியதில்லை. உங்கள் தோட்டத்துச் சில்லறைக்கடையில் பத்து அணையாடை கொண்ட பொதி இன்று என்ன விலைக்கு விற்கிறது என்பதை எழுதி, அதிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். நகரத்து விலையை எடுக்க வேண்டாம், ஏனெனில் தோட்டக் கடையில் விலை வேறாக இருக்கும், அட்டனுக்குப் போய்வர பஸ் காசும் ஆகும்.

ஒரு உதாரணம் தருகிறேன். பொதி 250 ரூபா என்றும், ஒரு பெண்ணுக்கு மாதம் இரண்டு பொதி தேவை என்றும் வைத்துக்கொண்டால், தாயும் இரண்டு பெண் பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு மாதம் 1,500 ரூபா ஆகும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தின்படி மாதத்தில் ஒரு முழு நாள் உழைப்புக்கு மேல் இதற்கே போய்விடும் என்பதைப் பெண்கள் தாங்களே கூட்டிப் பார்த்துச் சொல்லும்போது, அடுத்த படிகளுக்கான அக்கறை தானாக வந்துவிடும்.

விலை இவ்வளவு உயர்ந்ததற்கு ரூபாவின் வீழ்ச்சியும் வரியும் சேர்ந்த காரணங்கள். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது, அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தை எட்டியது. மூலப்பொருட்களும் பொதிகளில் ஒரு பகுதியும் வெளிநாட்டிலிருந்து வருவதால் அணையாடை அந்த அடியை முழுமையாக வாங்கியது. அதன் பின்னர் மூலப்பொருட்களுக்கான இறக்குமதி வரிகளில் சலுகை அறிவிக்கப்பட்டது, பெறுமதி சேர் வரியோ 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. கூட்டத்தில் இதை இரண்டு வாக்கியங்களில் சொல்லி நிறுத்துங்கள். வரி விவாதம் நீண்டால் தையல் வேலை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும்.

துணித் தொகுதியின் செலவைக் கணக்கிடும்போது துணி, பொத்தான், நூல் ஆகியவற்றை மட்டும் எழுதுவது பெரிய தவறு. உள்ளாடை, மூடியுள்ள வாளி, மாதாந்தச் சவர்க்காரம் ஆகியவையும் சேர வேண்டும். இவற்றை விட்டுவிட்டு மிகக் குறைந்த தொகையைச் சொல்லி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தால் நம்பிக்கை போய்விடும். நல்ல துணியில் தைத்து ஒழுங்காகத் துவைத்தால் இரண்டு ஆண்டுகள் உழைக்கும் என்று வைத்து, மொத்தச் செலவை 24ஆல் வகுத்தால் மாதச் செலவு கிடைக்கும்.

3. காயப்போடும் இடத்தைத் தீர்மானித்தல்

துணி வாங்கும் முன்பே இதை முடிக்க வேண்டும். ஈரமான துணியைத் தொடர்ந்து அணிந்தால் தோல் உரிந்து எரிச்சலும் பூஞ்சைத் தொற்றும் வரக்கூடும். காய வைக்க வழியில்லாத வீட்டுக்குத் துணி அணையாடை கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

லயன் வீட்டில் ஒரு காம்பராவும் (அறை) ஓர் இஸ்தோப்பும் (திண்ணை) ஒரு குசினியுமே (சமையலறை) இருக்கும். முன்பக்கக் கொடி எல்லோர் கண்ணிலும் படும், பின்பக்கத்தில் வெயில் விழாது. மழைக்காலத்தில் எந்தக் கொடியும் உதவாது. எங்களுக்குப் பயன்பட்ட வழிகள் மூன்று.

முதலாவது, உள்ளாடையில் பொத்தானிடும் உறையும், அதன் மேல் மடித்து வைக்கும் உறிஞ்சு துணியான உள்மடிப்பும் தனித்தனியாக உள்ள வடிவத்தைத் தைப்பது. உள்மடிப்பை விரித்தால் அது வெறும் சதுரத் துணி. முகம் துடைக்கும் சிறு துவாயைப் போலத் தோன்றுவதால் முன்பக்கக் கொடியிலேயே வெயிலில் போடப் பெண்கள் தயங்குவதில்லை. ஒற்றைப் படையாக விரிவதால், ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்த தடித்த அணையாடையைவிட மிக விரைவாகக் காய்கிறது.

இரண்டாவது, மழை நாட்களுக்கென்று குசினியில் ஒரு சிறு கொடி. அடுப்புக்கு நேர் மேலே கட்டாமல், பக்கவாட்டில் ஒரு கை எட்டும் தூரத்தில் கட்ட வேண்டும். நேர் மேலே கட்டினால் புகை ஏறும், தீப் பிடிக்கவும் கூடும். உள்மடிப்புகளை மட்டுமே அங்கே போட வேண்டும், நீர்புகாத் துணி வைத்த உறை வெப்பத்தில் பாழாகும்.

மூன்றாவது, இஸ்திரிப்பெட்டி. பிழிந்த உள்மடிப்பை உலர்ந்த துவாய்க்குள் சுருட்டி மிதித்து, பிறகு நன்றாகச் சூடான இஸ்திரியால் இருபுறமும் தேய்த்தால் எஞ்சிய ஈரம் போய்விடும். லயனுக்கு ஒரு பெட்டியைப் பொதுவாக வாங்கிவைத்துக்கொள்வது பத்து வீடுகளுக்குப் போதும்.

வீட்டு ஆண்களிடம் இதைப் பற்றிப் பேசாமல் விடுவதும் ஒரு தவறுதான். கொடியில் என்ன தொங்குகிறது என்று கணவனோ மாமனாரோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், அந்தப் பெண் மறுபடி கட்டிலுக்கு அடிக்குப் போய்விடுவாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூத்த பெண் முன்கூட்டியே எடுத்துச் சொல்லிவிடுவது எங்கள் அனுபவத்தில் நன்றாக வேலை செய்தது.

4. துணியைத் தெரிவுசெய்தல்

ஆடைத் தொழிற்சாலைகளில் எஞ்சும் வெட்டுத்துண்டுகள் கொழும்பின் புறக்கோட்டையிலும் சிறு நகரங்களிலும் கிலோ கணக்கில் கிடைக்கின்றன. விலை குறைவு, ஆனால் எந்த இழை என்பது எழுதியிருக்காது. பருத்தி என்று சொல்லி எங்களுக்கு விற்கப்பட்ட ஒரு மூட்டை முழுவதும் செயற்கை இழையாக இருந்தது, பார்ப்பதற்கு மென்மையாக இருந்ததால் தைத்து முடித்த பிறகுதான் கண்டுபிடித்தோம்.

எனவே ஒவ்வொரு துண்டிலும் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஒரு துளி தண்ணீரை விட்டால் பருத்தி அதை இழுத்துக்கொள்ளும், செயற்கை இழையின் மேல் துளி சிறிது நேரம் உருண்டு நிற்கும். புதிய பருத்தியிலும் கஞ்சிப்பசை இருந்தால் துளி நிற்கக்கூடும் என்பதால், ஐயமிருந்தால் ஒரு மூலையைக் கழுவிக் காயவைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அடுத்து, சில நூல்களை உருவி, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி கடதாசி எரிவதுபோல எரிந்து மெல்லிய சாம்பலாகும், செயற்கை இழை உருகிக் கடினமான மணியாகும்.

உடலில் படும் மேல் படைக்கும் உள்மடிப்புக்கும் பருத்தி ஃபிளனல் மிகப் பொருத்தமானது. துவாய்த் துணி அதிகம் உறிஞ்சும், ஆனால் தடிப்பானது என்பதால் மலையகத்தின் குளிரில் இரண்டு நாட்களானாலும் காயாது. வெயில் குறையாத மன்னாரிலும் வவுனியாவிலும் துவாய்த் துணியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

உறையின் கீழ்ப் படைக்கு நீர்புகாத துணி தேவை. பாலியூரித்தேன் பூசிய துணி கிடைத்தால் அதுவே சிறந்தது, கிடைக்காவிட்டால் குடைத் துணி அல்லது மெல்லிய மழைக்கோட்டுத் துணி உதவும். பொலித்தீன் தாளை இடையில் வைத்துத் தைக்க வேண்டாம். அது சூட்டை அடைத்து வியர்க்க வைக்கும், நடக்கும்போது சத்தம் போடும், சில துவைப்புகளில் கிழிந்தும் விடும்.

நிறத்தில் ஒரு சொல். கறை தெரியாமல் இருக்க முழுக் கறுப்புத் துணி எடுக்கும் வழக்கம் இருக்கிறது. கறை முழுமையாகப் போயிற்றா, பூஞ்சைப் புள்ளி விழுந்திருக்கிறதா என்பது கறுப்பில் தெரியாது. உறைக்கு அடர் நிறமும் உள்மடிப்புக்கு இளநிறமும் வைத்துக்கொள்வதே நல்லது.

5. வெட்டுவதற்கு முன் துவைத்தல்

எல்லாப் பருத்தித் துணிகளையும் சலவைத்தூள் போட்டு இரண்டு முறை துவைத்துக் காயவைக்க வேண்டும். பருத்தி சுருங்கும், நீர்புகாத் துணி சுருங்காது. துவைக்காமல் தைத்த அணையாடை முதல் துவைப்பிலேயே படகுபோல வளைந்துவிடும், ஓரங்களில் கசியவும் செய்யும். கஞ்சிப்பசையும் சாயமும் இந்தத் துவைப்பிலேயே போய்விடுவதால் உறிஞ்சும் திறனும் கூடும். துணி மென்மையாக்கும் திரவங்களை இப்போதும் பின்னரும் சேர்க்கக் கூடாது, அவை இழையின் மேல் படிந்து உறிஞ்சவிடாமல் தடுக்கும்.

6. வடிவம் வரைந்து வெட்டுதல்

தடித்த அட்டையில் ஒரே ஒரு அச்சு வெட்டி, எல்லோரும் அதையே பயன்படுத்த வேண்டும். ஒருவர் வெட்டியதைப் பார்த்து மற்றவர் வெட்டினால், பத்தாவது துண்டில் அளவு இரண்டு சென்டிமீட்டர் கூடியிருக்கும்.

பகல் உறை தைத்து முடிந்தபின் 26 சென்டிமீட்டர் நீளமும், நடுப்பகுதியில் 8 சென்டிமீட்டர் அகலமும், இறக்கைகளை விரித்தால் மொத்தம் 20 சென்டிமீட்டர் அகலமும் இருக்க வேண்டும். இரவு உறைக்கு நீளத்தை 32 சென்டிமீட்டராக்கி, பின்பக்க முனையைச் சற்று அகலப்படுத்துங்கள். தையலுக்காகச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கூட்டி வெட்ட வேண்டும்.

உள்மடிப்பு 23க்கு 24 சென்டிமீட்டர் வெட்டி, ஓரங்களை மடித்துத் தைத்தால் 21க்கு 22 ஆகும். அதை 21 சென்டிமீட்டர் பக்கத்தில் மூன்றாக மடித்தால் 7 சென்டிமீட்டர் அகலத்தில் உறையின் மேல் சரியாக உட்காரும். இரவுக்கு 22ஐ 28 ஆக்கிக்கொள்ளுங்கள். இரத்தம் அதிகம் போகும் நாட்களில் இரண்டு உள்மடிப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கலாம், அதற்காகத் தடிப்பான ஒன்றைத் தனியே தைக்கத் தேவையில்லை.

7. தைக்கும் ஒழுங்கு

முதலில் மேல் படையின் இரு முனைகளிலும், முனையிலிருந்து நான்கு சென்டிமீட்டர் தள்ளி, இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள துணிப்பட்டி ஒன்றைக் குறுக்காக வைத்து, அதன் இரு நுனிகளை மட்டும் பக்க ஓரங்களில் தையுங்கள். உள்மடிப்பை நகராமல் பிடித்துக்கொள்வது இந்தப் பட்டிகள்தான். உறையை மூடித் தைத்த பிறகு பட்டி வைக்க முயன்றால் நீர்புகாத் துணியிலும் ஊசி இறங்கி ஓட்டை விழும்.

அடுத்து, மேல் படையின் நல்ல பக்கமும் நீர்புகாத் துணியின் வெளிப்பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துச் சுற்றித் தைக்க வேண்டும். புரட்டிய பிறகு பூச்சுள்ள பக்கம் உள்ளே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், பூச்சு வெளியே இருந்தால் விரைவில் உரியும். இரண்டு துணிகளையும் குண்டூசியால் நடுவில் குத்திப் பிடிக்க வேண்டாம், ஒவ்வொரு குத்தும் ஒரு கசிவு. துணிக்கொடிக் கிளிப்புகளால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

நேரான ஓரத்தில் ஆறு சென்டிமீட்டர் திறந்து விட்டு, வளைவுகளில் தையலைத் தொடாமல் சிறு வெட்டுகள் கொடுத்து, உறையைப் புரட்டுங்கள். வெட்டுக் கொடுக்காவிட்டால் இறக்கை சுருங்கித் தொடையில் உரசும். புரட்டியபின் ஓரத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் உள்ளே ஒரு சுற்றுத் தையல் போட்டால் திறப்பும் மூடிக்கொள்ளும்.

கடைசியாக அழுத்துப் பொத்தான். ஒரு இறக்கையில் மேல் பக்கத்திலும் மற்ற இறக்கையில் கீழ்ப் பக்கத்திலும் வைக்க வேண்டும், உள்ளாடையைச் சுற்றி மடிக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று வருவதால் அப்போதுதான் பொருந்தும். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைப்பது புதியவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் பிழை. இரும்புப் பொத்தான் துருப்பிடித்துத் துணியைக் கிழிக்கும் என்பதால் பிளாஸ்டிக் பொத்தானையே தேர்ந்தெடுங்கள்.

8. கொடுப்பதற்கு முன் சோதித்தல்

ஒவ்வொரு தடவை தைத்தவற்றிலும் இரண்டு உறைகளை எடுத்து, உள்மடிப்புடன் ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்து, இரண்டு தேக்கரண்டித் தண்ணீரை மெதுவாக ஊற்றி, ஒரு நிமிடம் உள்ளங்கையால் அழுத்துங்கள். தாள் நனைந்தால் தையலோரத்திலா நடுவிலா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பொதுவாக ஒரு மாதவிடாய்க் காலம் முழுவதிலும் வெளியேறும் இரத்தம் 30 முதல் 40 மில்லிலீற்றர் வரைதான் என்பதால், ஒரே தடவையில் பத்து மில்லிலீற்றரைத் தாங்குவது போதிய சோதனையாகும்.

தைத்த பெண்களே முதலில் ஒரு மாதம் அணிந்து பார்க்க வேண்டும். மலை ஏறி இறங்கும்போது இறக்கை நகர்கிறதா, கூடையின் கயிறு தலையில் இழுக்கும் நிலையில் குனிந்தால் பின்பக்கம் போதுமா என்பதெல்லாம் மேசையில் தெரியாது.

9. பொதியில் இருக்க வேண்டியவை

ஒரு பெண்ணுக்குப் பகல் உறை மூன்று, இரவு உறை இரண்டு, பகல் உள்மடிப்பு எட்டு, இரவு உள்மடிப்பு நான்கு, உள்ளாடை மூன்று, மூடியுள்ள சிறு வாளி ஒன்று, சவர்க்காரம் ஒன்று, நீர்புகாத துணியில் தைத்த சிறு பை ஒன்று. மழைக்காலத்தில் உள்மடிப்பு காய இரண்டு நாட்கள் ஆகலாம் என்பதை வைத்தே எட்டு என்ற எண்ணை முடிவு செய்தோம். பணம் குறைந்தால் உறைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், உள்மடிப்பைக் குறைக்காதீர்கள்.

வேலையிடத்தில் மாற்றியதை வீட்டுக்குக் கொண்டுவரவே அந்தச் சிறு பை. இதை அழகுக்கான பொருள் என்று நினைத்து முதல் தடவை விட்டுவிட்டோம், அதனால் கொழுந்து மலையில் வேலை செய்த பெண்கள் காலையில் அணிந்ததையே மாலைவரை அணிந்திருந்தார்கள்.

10. துவைக்கக் கற்றுக்கொடுத்தல்

பொதியைக் கொடுக்கும் அன்றே, உண்மையான வாளியும் தண்ணீரும் வைத்துச் செய்துகாட்ட வேண்டும். துண்டுப்பிரசுரம் கொடுத்து அனுப்புவது போதாது.

பயன்படுத்திய உள்மடிப்பை முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும். வெந்நீரில் போட்டால் இரத்தத்திலுள்ள புரதம் இறுகி, கறை இழையில் பிடித்துக்கொள்ளும். "சுடுதண்ணியில போட்டாத்தானே கிருமி சாகும்" என்ற எண்ணம் ஆழமாக இருப்பதால் இதற்கான காரணத்தைப் பொறுமையாகச் சொல்லுங்கள். கறை போன பிறகு வெந்நீரில் அலசுவதில் தவறில்லை, விறகும் நேரமும் இருப்பவர்கள் செய்யலாம்.

அலசியபின் சவர்க்காரம் தேய்த்து அரை மணி நேரம் ஊறவைத்துத் துவைத்து, நுரை முழுவதும் போகும்வரை அலச வேண்டும். சவர்க்காரம் எஞ்சினால் தோல் அரிக்கும், உறிஞ்சும் திறனும் குறையும். இரவு முழுவதும் ஊறவிடுவதைத் தவிர்க்க வேண்டும், அழுக்குத் தண்ணீரில் கிடக்கும் துணியில் கிருமிகள் பெருகி, பிறகு எத்தனை முறை துவைத்தாலும் வாடை போகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் சுண்ணாம்பு கலந்த கடின நீர் என்பதால் கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் துணியில் படியும், அங்கே சலவைத்தூளே பொருத்தம்.

துவைத்த தண்ணீரைப் பீலிக்கு மேற்புறமோ பிள்ளைகள் விளையாடும் வடிகானிலோ ஊற்றாமல், நீர் எடுக்கும் இடத்திலிருந்து தள்ளி மண்ணில் ஊற்ற வேண்டும்.

காய்ந்ததா என்பதைக் கையால் தொட்டுப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது, குளிரான ஊரில் கை ஏமாற்றிவிடும். துணியை மூன்றாக மடித்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை என்று கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்ததை மட்டுமே மடித்துப் பையில் வைக்க வேண்டும். அணிந்திருப்பதை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

இலேசான கறை நிற்பது அழுக்கு அல்ல. கறையைப் போக்க வெளுக்கும் திரவத்தை அடிக்கடி பயன்படுத்தினால் இழையும் நீர்புகாத் துணியும் சிதைந்துபோகும்.

11. பணம் பெறுவதும் கொடுப்பதும்

இலவசமாகக் கொடுப்பதா, காசு வாங்குவதா என்பதில் கருத்து வேறுபாடு வரும். பொருட்செலவில் ஒரு பகுதியையாவது மூன்று தவணைகளில், சம்பள நாளுக்கு அடுத்த நாளில் பெறுவதே சரி என்பது என் முடிவு. பணம் சுழன்றால்தான் அடுத்த லயனுக்குத் துணி வாங்க முடியும், காசு கொடுத்தவர் குறை இருந்தால் தயங்காமல் சொல்லவும் செய்வார். வேலை நாட்கள் குறைந்த வீடுகளுக்கும் வயதுக்கு வந்த பாடசாலைப் பிள்ளைகளுக்கும் விலக்கு வைத்து, யாருக்கு விலக்கு என்பதை இரண்டு பேருக்கு மேல் அறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடசாலை மாணவிகளுக்காக 2024இல் அரசாங்கம் அணையாடை வாங்குவதற்கான 1,200 ரூபா வவுச்சர் திட்டத்தைத் தொடங்கியது. உங்கள் பாடசாலை அதில் இருக்கிறதா, இப்போது என்ன நிலை என்பதை அதிபரிடம் கேட்டறியுங்கள். வவுச்சர் கிடைக்கும் பிள்ளை பாடசாலை நேரத்துக்குக் கடைப் பொதியையும், வீட்டிலும் இரவிலும் துணியையும் பயன்படுத்தலாம்.

இவ்வாறு கலந்து பயன்படுத்துவதை நான் ஊக்குவிக்கிறேன். முழுவதும் துணிக்கு மாறினால்தான் வெற்றி என்று சொல்லும் குழுக்கள், மாற முடியாத பெண்களை இழந்துவிடுகின்றன. மலை வேலை நாளில் கடை அணையாடை அணிந்து, மற்ற நேரத்தில் துணி அணியும் பெண்ணுக்கும் செலவு குறைகிறது.

12. மூன்று மாதத் தொடர் பார்வை

முதல் மாதம் முடிந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். "பிடித்திருக்கிறதா" என்று கேட்டால் மரியாதைக்காக ஆம் என்பார்கள். "இப்போது எங்கே காயப்போட்டிருக்கிறீர்கள், காட்டுங்கள்" என்று கேளுங்கள். கொடியைப் பார்த்தால் உண்மை நிலை தெரிந்துவிடும். வாடை, கறுப்புப் புள்ளிகள், பிரிந்த தையல் ஆகியவை இருக்கும் உள்மடிப்பை அங்கேயே மாற்றிக் கொடுக்க, ஒவ்வொரு பத்துப் பொதிக்கும் பத்து உள்மடிப்பு மேலதிகமாகக் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாம் மாதம் கொடுத்தவற்றில் எவை பயன்படுத்தப்படவில்லை என்பதை எண்ணுங்கள். இரவு உறை கட்டுக்கட்டாக மீதமிருந்தால் அளவு பெரிதாகிவிட்டது என்றும், உள்மடிப்பு எல்லாம் ஈரமாக இருந்தால் எண்ணிக்கை போதவில்லை என்றும் பொருள். அடுத்த தையல் அந்த எண்ணிக்கையைப் பார்த்தே தொடங்க வேண்டும்.

இந்த வீட்டுச் சந்திப்புகளில் உடல்நலக் குறைகளும் வெளிவரும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அணையாடை முழுவதும் நனைவது, ஏழு நாட்களுக்கு மேல் இரத்தப்போக்கு நீடிப்பது, பெரிய இரத்தக்கட்டிகள் வெளிவருவது, அரிப்பும் துர்நாற்றமும் உள்ள வெள்ளைப்படுதல், படி ஏறும்போது மூச்சு வாங்கும் அளவுக்குச் சோர்வு ஆகியவை இருந்தால், அது துணியால் தீரும் காரியம் அல்ல. பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் (மருத்துவமாது) அழைத்துச் செல்லுங்கள், 35 வயதை எட்டியவர்களைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பெண்களின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கும் அனுப்புங்கள். திட்டத்தைத் தொடங்குமுன்பே அந்த உத்தியோகத்தரைச் சந்தித்து, கிளினிக் நடக்கும் நாட்களைக் கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் மாதத்தின் முடிவில், பயன்படுத்திய பெண்களில் இருவரை அடுத்த லயனுக்குப் பேச அனுப்புங்கள். அவர்கள் கையில் புதிய பொதியைக் கொடுத்து அனுப்பாமல், மூன்று மாதம் துவைத்துக் காய்ந்த தங்கள் சொந்த உள்மடிப்பு ஒன்றையும் உறை ஒன்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அதைக் கையில் வாங்கி மோந்து பார்க்கும் பெண் கேட்கும் முதல் கேள்வி, "மழையில எங்க காய வச்சீங்க" என்பதாகவே இருக்கும்.